கேதம் கேட்கத் தாமதமாக வந்தவர்கள்

மதுரைப் பக்கம் எங்கள் சொந்தபந்தத்தில் ஒரு வழக்கம் உண்டு. பதினாறாம் நாள் காரியம் முடிந்துவிட்டால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் போய் யாரும் கேதம் கேட்கக் கூடாது, அதாவது துக்கம் விசாரிக்கக் கூடாது. தாய்மாமன் வீட்டார் கோடி எடுத்துக் கொடுத்து, மகன் தலையில் உருமா கட்டி, பந்தியில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்தால் துக்கம் கழிந்தது என்று அர்த்தம். அதற்கு மேல் வருகிறவர்கள் மழை, வெயில், பிள்ளைகள் படிப்பு என்று எதையாவது பேசிவிட்டுப் போவார்கள். போனவரின் பேச்சை எடுக்க மாட்டார்கள். வீட்டில் இருப்பவர்களை மறுபடியும் அழவைத்துவிடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான் பெரியவர்கள் இப்படி வைத்திருக்கிறார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அம்மா இறந்தபோது எனக்குப் பெரிய ஆறுதல் தந்தவர்கள் அந்தக் கெடு முடிந்த பிறகு வந்தவர்கள்தான். அவர்களில் பலருக்கு அம்மா இறந்த விஷயமே தெரியாது.

அம்மா செல்லூரில் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார். தாத்தா புதுமண்டபத்துத் தையல்காரர். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம் அது. அங்கே தூண்களுக்கு நடுவே மெஷின் போட்டு உட்கார்ந்திருந்தவர்களில் அவரும் ஒருவர். சித்திரை பிறந்தால் கள்ளழகருக்கு வேண்டிக்கொண்டு வேடம் கட்டுகிறவர்களுக்கு உடுப்புத் தைப்பதில் அவருக்கு ராத்திரி பகல் தெரியாதாம். அம்மா பாவாடை கட்டிய வயதிலேயே அங்கே போய்க் கொக்கி வைத்து, காஜா எடுத்து, அப்படியே தொழிலைக் கற்றுக்கொண்டவர். இப்போது அந்தக் கடைகள் எல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. தாத்தாவின் இரும்புக் கத்தரி மட்டும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

ஆடி மாதத்தில் ஒரு விடியற்காலை அம்மா போனார். மாரடைப்பு. முதல் நாள் ராத்திரி வரை மெஷினில் உட்கார்ந்திருந்தவர்.

முதலில் ஓடி வந்தவர்களில் பின்தெரு அக்கா ஒருவர். அவர் வீட்டுக்காரர் சில வருடங்களுக்கு முன்னால் தவறியவர். என்னைத் தனியாக அழைத்துப்போய், கையைப் பிடித்துக்கொண்டு, "கேக்குறேன்னு தப்பா நினைக்காத பாப்பா. அம்மா கண்ணைக் குடுக்கலாமா? எங்க வீட்டுல குடுத்தோம்" என்றார். அந்த நேரத்தில் அந்தக் கேள்வியைக் கேட்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று இப்போது நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது. கோபத்தில் நான் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். எனக்கோ, மண்டைக்குள் எதுவுமே ஓடாத அந்த வேளையில், செய்யக்கூடிய காரியம் ஒன்றை யாரோ கையில் கொடுத்த மாதிரி இருந்தது.

அப்பா தலையாட்டினார். அக்காவே மின்விசிறியை நிறுத்தினார், அம்மாவின் இமைகளை மூடி அதன் மேல் ஈரப் பஞ்சு வைத்தார், தலையணை வைத்துத் தலையை உயர்த்தினார். இறந்து 6 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்பதால் கண் வங்கிக்கும் அவரே போன் போட்டார். அம்மாவுக்குக் கண்புரை அறுவை நடந்திருக்கிறதே, சர்க்கரையும் உண்டே என்று நான் இழுத்தேன். கருவிழி நன்றாக இருந்தால் போதும், அதெல்லாம் தடையில்லை என்று வந்தவர்கள் சொன்னார்கள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. முகத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை. யாருக்குப் பொருத்துகிறார்கள் என்பதைச் சொல்ல மாட்டார்கள். எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதில்லை. நாற்பது வருடம் ஊசியில் நூல் கோத்த கண்கள் எங்கோ இருக்கின்றன.

அதற்கப்புறம் கூட்டம். சோழவந்தானிலிருந்து அம்மா வழிப் பெண்கள் வேன் பிடித்து வந்தார்கள். தெருமுனையில் இறங்கும்போதே அழுகைச் சத்தம் கேட்டது. வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, பெரியம்மா முறை வரும் ஒரு கிழவி ஒப்பாரியை எடுத்துக்கொடுத்தார். அம்மாவில் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில், பல வருடங்களுக்கு முன்னால் கிணற்றில் விழுந்து செத்துப்போன தன் மகன் அதற்குள் வந்தான். பக்கத்தில் இருந்தவர் தன் புருஷனைச் சேர்த்தார். எங்கள் வீட்டுக் கூடத்தில் எங்கெங்கோ செத்தவர்களுக்காக எல்லாம் அழுதார்கள். சின்ன வயதில் இதைப் பார்க்கும்போது இவர்கள் நம் வீட்டுக்காக அழவில்லையே என்று தோன்றும். அன்றைக்கு அவர்கள் நடுவில் உட்கார்ந்திருந்தபோது வேறு மாதிரி இருந்தது. மகனைப் பறிகொடுத்த பிறகும் இந்தக் கிழவி இத்தனை வருடம் களையெடுத்து, கல்யாணவீடு போய், வெற்றிலை போட்டுக்கொண்டு வாழ்ந்துதானே வந்திருக்கிறார்? எனக்கு அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அவர் தோளில் சாய்ந்திருந்தேன், தெரிந்தது.

எல்லாப் பேச்சும் ஆறுதலாக இருந்தது என்று சொல்ல முடியாது. அப்பா உயிரோடு இருக்கும்போது அம்மா போனதால், மஞ்சள் பூசி, பெரிய பொட்டு வைத்து, தலை நிறையப் பூ வைத்தார்கள். "பூவும் பொட்டுமாப் போய்ச் சேந்துட்டா, குடுத்து வச்சவ" என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். அப்பா வாசலில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்காது. புருஷனுக்கு முன்னால் போவது ஒரு பெண்ணுக்குப் பாக்கியம் என்றால், அந்தக் கூட்டத்தில் வெள்ளை நெற்றியோடு உட்கார்ந்திருந்த பாதிப் பெண்கள் என்ன பாவம் செய்தவர்கள்?

எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். தத்தனேரி சுடுகாடு எங்களுக்குக் கூப்பிடு தூரம்தான். வேட்டுச் சத்தம் தேய்ந்து போகும் வரை நின்றேன். திரும்பி வந்து பார்த்தால் வீடு முழுக்கக் கசங்கின பூ, சிந்தின அரிசி, ஐஸ்பெட்டி இருந்த இடத்தில் ஈரம். ஆம்பளைகள் யாரும் இல்லை. அதற்குப் பிறகான அந்த நேரத்தைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை. எதிர் வீட்டு அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ரெண்டு பேரு தண்ணியத் தூக்குங்க, ஒருத்தி தொடப்பத்த எடு" என்றார். கூடம், நடை, வாசல் என்று அடித்து ஊற்றிக் கழுவினார்கள். எங்களோடு நின்றுகூடப் பேசாத மாடிவீட்டுப் பெண் முழங்கால் போட்டு அம்மா கிடந்த இடத்தைத் துடைத்தார். கழுவி முடித்ததும் அத்தை என்னையும் சித்தியையும் உட்கார வைத்து, குடம் குடமாகத் தலையில் தண்ணீர் ஊற்றினார். என் தலைமுடியை விரல் விட்டுச் சிக்கெடுத்தார். பேசவே இல்லை. அப்புறம் அம்மாவின் தலைமாட்டு இடத்தில் விளக்கேற்றி வைத்துவிட்டு, போய்ட்டு வர்றேன் என்று சொல்லாமல் போனார்கள். கேத வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது.

அன்றைக்கு எங்கள் அடுப்பு எரியவில்லை. எதிர் வீட்டிலிருந்து தூக்குவாளியில் காபியும், மாமா வீட்டிலிருந்து சோறும் ரசமும் வந்தன. அஸ்தி கரைக்கத் திருப்புவனம் போனார்கள். அங்கே அஸ்தி பூவாக மாறியதாகத் தலபுராணம் இருப்பதால் மதுரைக்காரர்கள் அந்த வைகைக் கரைக்கே போவார்கள். வேன் ஓட்டி வந்தவர் டீசலுக்கு மட்டும் வாங்கிக்கொண்டு வாடகை வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். அவர் மனைவியின் கல்யாண ஜாக்கெட் அம்மா தைத்ததாம். தம்பி வந்து சொன்னான்.

காகித வேலைகளைத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற மாநகராட்சி ஊழியர் ஒருவர் தலையில் போட்டுக்கொண்டார். 21 நாளுக்குள் இறப்பைப் பதிந்துவிட்டால் கட்டணம் கிடையாது, தள்ளிப்போனால் தாமதக் கட்டணம், ஒரு வருடம் தாண்டினால் அலைச்சல்தான் என்று தம்பியைக் கையோடு அழைத்துப் போனார். சான்றிதழில் அம்மா பெயரும் இனிஷியலும் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பார்க்கச் சொன்னதும் அவர்தான். அதன் அருமை வாரிசுச் சான்றிதழுக்கும் பேங்குக்கும் போனபோதுதான் புரிந்தது.

பதினாறும் முடிந்தது. பந்தல் பிரித்தார்கள். நாற்காலிகள் போயின.

அதோடு அம்மாவின் பெயர் வீட்டில் நின்றுபோனது. ஆபீசில் எல்லோரும் என்னிடம் பார்த்துப் பார்த்துப் பேசினார்கள். போன் பண்ணுகிறவர்கள், "சாப்பிட்டியா, அப்பா நல்லா இருக்காரா" என்று கேட்டு வைத்துவிடுவார்கள். நான் அழுதுவிடுவேன் என்று அப்பா அம்மாவைப் பற்றிப் பேசவில்லை. அப்பா உடைந்துவிடுவார் என்று நானும் பேசவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டே மூச்சு முட்டிப் போனோம். எனக்குப் பேச வேண்டும் போல இருந்தது. அம்மாவின் கை, அம்மாவின் கோபம், அம்மா குழம்புக்குப் புளி கரைக்கிற விதம் என்று என்னத்தையாவது.

மெஷினுக்குப் பக்கத்து அலமாரியில் துணிப்பைகள் இருந்தன. ஆவணி முகூர்த்தங்களுக்கு ஆடியிலேயே துணி எடுத்துக் கொடுத்துவிடுவார்கள் என்பதால் அலமாரி நிரம்பியிருந்தது. மஞ்சப்பை, ஜவுளிக்கடைப் பை, பிளாஸ்டிக் கவர். ஒவ்வொன்றுக்குள்ளும் ஜாக்கெட் துணி, அளவு ஜாக்கெட், அம்மா கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு. சீட்டில் பெயர் இருக்காது. 'பேங்க் அக்கா', 'ரெட்டைப்பிள்ளை அம்மா', 'தத்தனேரி மாடி', 'ஆவணி கல்யாணம் அவசரம்' என்றுதான் இருக்கும். சில துணி வெட்டி, சாக்பீஸ் கோடு போட்டு, கை மட்டும் இணைக்காமல் நின்றிருந்தது. போன் நம்பர் அம்மாவின் மனதிலும் பழைய போனிலும் இருந்தது. அந்தப் போனில் யார் யாரென்று கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால் அவர்களாக வரும் வரை காத்திருந்தோம்.

வந்தார்கள். வாசலில் நின்று, "அக்கா இருக்காங்களா, ஜாக்கெட் வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்று சிரித்த முகத்தோடு கேட்பார்கள். நான் சொல்ல வேண்டும். அவர்களுக்கு அது புதுச் செய்தி. அப்படியே படியில் உட்கார்ந்துவிடுவார்கள். "என்னம்மா சொல்ற, போன மாசம்கூட பஜார்ல பாத்தேனே" என்பார்கள். எப்படி, எப்போது, கஷ்டப்பட்டாங்களா, யார் பக்கத்தில் இருந்தது என்று ஒன்று விடாமல் கேட்பார்கள். பதினாறு கழிந்த கணக்கு அவர்களுக்குத் தெரியாது. நானும் ஒன்று விடாமல் சொல்வேன். முதலில் வந்தவரிடம் சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்புறம் அப்புறம் சொல்லச் சொல்ல, அந்த விடியற்காலையை என்னால் ஏறிட்டுப் பார்க்க முடிந்தது. பதிலுக்கு அவர்கள் அம்மாவைப் பற்றி எதையாவது சொன்னார்கள். எனக்குத் தெரியாத அம்மா கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குள் வந்தார்.

ரெட்டைப்பிள்ளை அம்மாவுக்குக் குழந்தைகள் வயிற்றில் இருந்தபோது மாதாமாதம் அதே ஜாக்கெட்டைப் பிரித்துப் பிரித்துப் பெரிதாக்கிக் கொடுத்திருக்கிறார். பூ விற்கும் ஒரு பாட்டி மடியிலிருந்து சுருட்டின நோட்டுகளை எடுத்து, இது பாக்கிக் காசு என்று கொடுத்தார். அம்மாவின் நோட்டில் அப்படி ஒரு பாக்கியே இல்லை. வேண்டாம் என்றேன். "செத்தவங்க கடன வச்சுக்கிட்டு நான் சாகக் கூடாதுத்தா" என்று மெஷின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

இன்னொருவர் வந்ததைப் பற்றி அவருடைய அனுமதியோடு எழுதுகிறேன். ஊரும் வேலையும் வேண்டாம். சீட்டில் ஒன்றும் எழுதாத ஒரு பை தனியாக, அலமாரியின் அடித்தட்டில் இருந்தது. அது யாருடையது என்று எங்களுக்குப் புரியவில்லை. அவர் வந்து, விஷயம் கேட்டு, ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு அந்தப் பையை அடையாளம் சொன்னார். அவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்து ஒரு பக்கத்தை எடுத்திருக்கிறார்கள். சிகிச்சை எல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்ப வேண்டிய நேரத்தில், எந்த ஜாக்கெட்டும் சரியாக நிற்கவில்லை. கடையில் கிடைப்பதை வாங்க அப்போது வசதியில்லை, போய்க் கேட்கவும் கூச்சம். யாரோ சொல்லி அம்மாவிடம் வந்திருக்கிறார்.

"உங்கம்மா கதவச் சாத்திட்டு அளவெடுத்தாங்க. மொகத்துல ஒண்ணும் காட்டிக்கல. லைனிங்குக்குள்ள சின்னதா ஒரு பை மாதிரி வச்சு, அதுல வைக்க இலவம்பஞ்சத் திண்டு மாதிரி தச்சாங்க. வெறும் பஞ்சு வச்சா அந்தப் பக்கம் மேல ஏறுது. அதுக்கு, பாரத்துக்குன்னு கொஞ்சம் கடுகு போட்டுத் தனியா ஒரு முடிச்சு. துவைக்கையில கழட்டி வச்சுக்கிறாப்புல. மூணு தடவ பிரிச்சுத் தச்சாங்க. எல்லாருக்கும் வாங்குற கூலிதான் எங்கிட்டயும்" என்றார்.

எங்கள் வீட்டில் எத்தனையோ சாயங்காலம் கதவு சாத்தியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அம்மா எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஊர்க்கதை எல்லாம் பேசுகிற அம்மா. அந்த அக்காவும் நானும் அன்றைக்குக் கூடத்தில் உட்கார்ந்து நன்றாக அழுதோம். அழுது முடித்த பிறகு எனக்குப் பசித்தது. அம்மா போனதிலிருந்து நேரத்துக்குச் சாப்பிட்டேனே தவிர, பசித்துச் சாப்பிடவில்லை. இரண்டு பேருக்கும் தோசை சுட்டேன்.

சரி, தைக்காமல் நின்ற துணிகளை என்ன செய்வது? கல்யாண வீட்டுக்காரர்கள் பதறினார்கள். அப்போது வந்தவர்தான் தெருக்கோடித் தையல்கார அம்மா. அவருக்கும் அம்மாவுக்கும் பல வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு வாடிக்கை விஷயத்தில் தொடங்கிய மனத்தாங்கல். அம்மா கிடந்த அன்று கூட்டத்தின் கடைசியில் வந்து நின்றுவிட்டுப் போயிருந்தார். அவர் ஒரு சாயங்காலம் உள்ளே வந்து, அலமாரியைப் பார்த்து, "எல்லாத்தையும் எங்கிட்டக் குடு, நான் முடிச்சுத் தர்றேன்" என்றார். கூலி பேசலாம் என்று அப்பா வாயெடுத்தார். "அதப் பேசாதீங்கண்ணே" என்று பைகளைக் கட்டித் தூக்கிக்கொண்டார்.

ஆவணி பிறப்பதற்குள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. ஓவர்லாக் அடித்து, கொக்கி வைத்து, ஹெம்மிங் பண்ணி, இஸ்திரி போட்டு, அம்மாவின் சீட்டோடேயே திருப்பிக் கொண்டுவந்தார். அம்மா வெட்டினதை அவர் மாற்றவில்லை. "கழுத்து வெட்டுறதுல உங்கம்மாவ அடிச்சுக்க மதுரையில ஆளில்ல. நேர்ல சொன்னதில்ல" என்றார். இரண்டு வீட்டுக்கும் இருந்த அந்த நீண்ட மௌனத்தில், அம்மா தைத்த ஜாக்கெட் போட்டுப் போகிறவர்களின் கழுத்தை அவர் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார். இப்போது எனக்கு ஜாக்கெட் தைப்பவர் அவர்தான்.

அப்பாவின் விஷயம் வேறு. அவருக்குக் கேள்வி கேட்கிறவர்கள் ஆகாது. மில்லில் கூட வேலை பார்த்த நண்பர்கள் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் மாதிரி தினமும் ஐந்து மணிக்கு வந்துவிடுவார்கள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பழைய யூனியன் சண்டை, கபடி, வைகையில் தண்ணீர் வருமா வராதா என்று பேசுவார்கள். அம்மாவைப் பற்றி ஒருவரும் மூச்சுவிட மாட்டார்கள். முதலில் எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. ஆனால் நாலரை மணிக்கே அப்பா முகம் கழுவிச் சட்டை மாற்றிக்கொள்வதைப் பார்த்தேன். ஐந்து மணிதான் அம்மா மெஷினை நிறுத்திவிட்டு அவருக்கு டீ போட்டுக் கொடுக்கும் நேரம். அதை எப்படித் தெரிந்துகொண்டார்களோ, சரியாக அந்த நேரத்தை எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் வரும்போதே கடையிலிருந்து பிளாஸ்க்கில் டீ வாங்கி வருவார். அப்பாவுக்குச் சர்க்கரை இல்லாமல் தனியாக. பல மாதம் கழித்து ஒருநாள் அப்பாவே என்னிடம், "அவ டீயில ஏலக்காய் போடுவாள்ல" என்றார். ஆமாப்பா என்றேன். அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்கிறோம்.

அந்த வருடம் எங்களுக்குத் தீபாவளி இல்லை. ஆனால் பலகாரம் வைக்க இடமில்லாமல் போனது. எதிர் வீட்டு அத்தை அதிரசம், சித்தி வீட்டு முறுக்கு, யாரென்றே தெரியாத வாடிக்கைப் பெண்கள் கொண்டுவந்த டப்பாக்கள். காலி டப்பாவைத் திருப்பிக் கொடுக்கப் போன இடத்திலெல்லாம் உட்கார வைத்து அம்மாவைப் பற்றிப் பேசினார்கள்.

கேத வீட்டுக்குப் போக நேரமாகிவிட்டது, இனிமேல் போனால் என்ன நினைப்பார்களோ என்று தயங்குகிறவர்களை இப்போது பார்த்தால் நான் போகச் சொல்கிறேன். பெரியவர்கள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். என்ன பேசுவது என்று கேட்கிறார்கள். போனவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லுங்கள், சின்னதாக இருந்தாலும் சரி என்பேன். நானும் அப்படித்தான் போகிறேன். போன மாதம் ஒரு வீட்டில், அந்தத் தாத்தா எனக்கு ஒரு முறை பஸ்சில் இடம் விட்டுக் கொடுத்ததைச் சொன்னேன். அவர் மகள் என்னை மதியம் வரை விடவில்லை.

அலமாரியில் இன்னும் சில பைகள் இருக்கின்றன. எல்லாம் தைத்து முடித்தவை. மாம்பழக் கலரில் பச்சைக் கரை வைத்த ஒன்று, சீட்டில் 'டீச்சர், மீனாம்பாள்புரம்' என்று இருக்கிறது. கரும்பச்சைச் சுங்குடித் துணி ஒன்று, சீட்டில் 'மகளுக்கு, கை நீளம்'. வெள்ளையில் நீலப் புள்ளி போட்டது ஒன்று, அதற்குச் சீட்டே இல்லை, அளவு ஜாக்கெட் மட்டும் இருக்கிறது. செல்லூரில் அம்மாவிடம் துணி கொடுத்தவர்கள் யாராவது இதைப் படித்தால் வாருங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அப்பாவும் கூட்டாளிகளும் வாசலில்தான் இருப்பார்கள். கூலி வேண்டாம். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிற மாதிரி வாருங்கள்.